பாலகுருசாமி / தமயந்தி

அக்டோபர் 5, ஞாயிறு

முடிவு செய்துவிட்டேன். நான் லாவோஸ் போகிறேன். தனியாக. முதுகில் ஒரு பை, காலில் ஒரு செருப்பு, அவ்வளவுதான்.

இதை எழுதச் சொன்னது என் மகள் நிவேதா. கோயம்புத்தூர் ஹாஸ்டலில் இருந்துகொண்டு அம்மாவுக்கு யோசனை சொல்வதுதான் அவளுக்கு முக்கியப் பாடம். "எழுதி வச்சாத்தான்மா நடக்கும். இல்லைன்னா நீ பாட்டுக்கு முறுக்கு சுடப் போயிருவே" என்றாள். நான் முறுக்கு சுட்டு மூன்று தீபாவளி ஆகிறது. இருந்தாலும் எழுதுகிறேன்.

காரணம் ஒன்பதாம் வகுப்பு பி பிரிவு. நான் புவியியல் டீச்சர். போன வாரம் ஆசிய ஆறுகள் நடத்தினேன். மீகாங் ஆற்றைக் கரும்பலகையில் வளைத்து வளைத்து வரைந்துகொண்டிருந்தபோது கடைசி பெஞ்ச் அபிநயா எழுந்து, "டீச்சர், நீங்க இந்த ஆத்தப் பாத்திருக்கீகளா?" என்றாள். இல்லை என்றேன். "வேற எந்த ஆத்தப் பாத்திருக்கீக?" என்றாள். யோசித்தேன். "வைப்பாறு" என்றேன். வைப்பாற்றில் வருஷத்துக்கு எத்தனை நாள் தண்ணீர் ஓடும் என்பது சாத்தூரில் எல்லாருக்கும் தெரியும். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டு, ஸ்டாஃப் ரூமில் வந்து ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

ஏன் லாவோஸ்? மீகாங் ஓடுகிறது. செலவு கம்மி. எனக்கு அங்கே ஒருவரையும் தெரியாது, அங்கே ஒருவருக்கும் என்னைத் தெரியாது. தவிர, அதற்குக் கடல் கிடையாது. ஐந்து நாடுகள் சுற்றி நின்று நெருக்கிக்கொண்டிருக்கின்றன. அந்த நாட்டின் மேல் எனக்கு ஒரு அனுதாபம்.

ஏன் தனியாக? அதை நாளைக்கு எழுதுகிறேன். இட்லிக்கு ஊற வைக்க வேண்டும்.

அக்டோபர் 6, திங்கள்

ஏன் தனியாக என்றால், "நானும் வாரேன்".

இது என் வீட்டுக்காரர் சொல்லும் வாக்கியம். பெயர் பாலகுருசாமி. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். எரிந்துபோன கிணற்று மோட்டாரைக் கொண்டுவந்து கொடுத்தால் உள்ளே புதிதாகச் செம்புக் கம்பி சுற்றி ஓட வைத்துவிடுவார். நல்ல மனுஷர். தங்கமான மனுஷர் என்று ஊரே சொல்கிறது, நானும் மறுக்கவில்லை. ஆனால் நான் ஜாக்கெட் தைக்கக் கொடுக்கக் கிளம்பினாலும் "இரு, நானும் வாரேன்". பேங்குக்குப் போனால் நான் கையெழுத்துப் போட்டு முடிக்கும் வரைக்கும் பேனா மூடியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். பல் டாக்டர் என்னிடம் "வலிக்குதா?" என்று கேட்டால், "லேசா வலிக்குது டாக்டர்" என்று அவர் பதில் சொல்வார். கோயிலில் நான் கண்ணைத் திறக்கக் கூடாது, "என்ன வேண்டிக்கிட்டே?" என்பார்.

ஒரு தடவை கோவில்பட்டியில் ஆசிரியர் பயிற்சி. நான் ஒருத்தியாகப் பஸ் ஏறினேன். ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு மகாராணி போலப் போனேன். இறங்கினால் எதிரே பைக்கோடு நிற்கிறார். பஸ்ஸை முந்திக்கொண்டு வந்துவிட்டாராம். "பயந்திருப்பியேன்னு வந்தேன் டீச்சர்" என்றார். என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

அவரிடம் எப்போது சொல்வது? டிக்கெட் போட்ட பிறகு. டிக்கெட் போட்டுவிட்டால் யாரும் எதுவும் பேச முடியாது.

அக்டோபர் 11, சனி

பள்ளியில் ஸ்டெல்லா டீச்சரிடம் மட்டும் சொன்னேன். "சோலோ ட்ரிப் போறேன்" என்றேன். "சோழா ட்ரிப்பா? தஞ்சாவூருக்கா? டிசம்பர்ல போங்க, வெயில் இருக்காது" என்றாள். சோழர்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று விளக்கினேன். என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

சாயங்காலம் முதுகுப் பை வாங்கப் போனேன். கடைக்காரர் "பாப்பா எத்தனாவது படிக்கா?" என்றார். "பாப்பாவுக்கு நாப்பத்தஞ்சு முடிஞ்சிருச்சு" என்றேன். அவருக்குப் புரியவில்லை. கடையில் இருந்ததிலேயே பெரிய பையில் ஒரு பாண்டா படம் இருந்தது. பாண்டா இல்லாத பைகளில் என் ஒரு சேலைகூடக் கொள்ளாது. சரி, லாவோஸில் யார் என்னைப் பார்க்கப் போகிறார்கள் என்று வாங்கிவிட்டேன். அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறேன்.

அக்டோபர் 19, ஞாயிறு

நிவேதா தீபாவளிக்கு வந்திருக்கிறாள். ஞாயிறானாலும் பண்டிகை வேலை என்று அவர் கடைக்குப் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு பேரும் டிக்கெட் போட்டோம். திருச்சியிலிருந்து கோலாலம்பூர், அங்கிருந்து வியன்டியன். டிசம்பர் 24 கிளம்பி ஜனவரி 2 திரும்புவது. அரையாண்டு லீவுக்குள் அடங்கிவிட்டது.

முதல் கேள்வியே குடும்பப் பெயர் என்ன என்பது. நமக்கு ஏது குடும்பப் பெயர்? பெயருக்கு முன்னால் ஒற்றை எழுத்தை வைத்துக்கொண்டு காலத்தை ஓட்டுகிற ஆட்கள் நாம். ஆனால் என் பாஸ்போர்ட்டில் அந்த இடத்தில் வீட்டுக்காரர் பெயர் ஏறியிருக்கிறது. எப்போதோ ஆசிரியர்களைச் சிங்கப்பூர் கூட்டிப் போவதாகச் சொன்னார்கள் என்று எடுத்த பாஸ்போர்ட். பாஸ்போர்ட் வந்தது, சிங்கப்பூர் வரவில்லை. ஆகவே டிக்கெட்டில் முதலில் அவர் பெயர், நடுவில் ஒரு சாய்கோடு, பிறகு என் பெயர். "பாலகுருசாமி / தமயந்தி". விமானத்திலும் முன் சீட்டு அவருக்குத்தான்.

தங்குவதற்கு நிவேதா ஒரு இடம் பிடித்தாள். ஒரே அறையில் எட்டுப் பேர், அடுக்குக் கட்டில். இதற்குக் கல்யாண மண்டபத்திலேயே படுத்துவிடலாமே என்றேன். "அதுதாம்மா பட்ஜெட் ட்ரிப்" என்றாள்.

அக்டோபர் 22, புதன்

கிழிந்தது.

டிக்கெட்டை ஒரு பிரதி எடுக்கலாம் என்று பஸ் ஸ்டாண்ட் ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். கடைக்கார முத்துராமன் இவருக்குச் சிநேகிதன் என்பது எனக்குத் தெரியும். அவன் அச்சடிக்கிற காகிதத்தைப் படிப்பான் என்பது தெரியாது. நான் வீடு வந்து சேருவதற்குள் செய்தி கடைக்குப் போய்விட்டது. "அண்ணே, லாவோஸ் போறீகளாம்ல ரெண்டு பேரும்! டிக்கெட்ல மொதப் பேரே ஒங்க பேருதான்!"

அவர் கடையைப் பாதியில் அடைத்துவிட்டு அல்வா வாங்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடி வந்தார். அவருக்குக் கண் கலங்கி இருந்தது. "டீச்சர், என்கிட்டச் சொல்லாமயே எனக்கும் சேத்துப் போட்டுட்டியா? நான் ஒன்ன எங்கயும் கூட்டிப் போனதில்லையேன்னு எனக்குள்ள எவ்வளவு நாளா உறுத்திக்கிட்டு இருக்கு தெரியுமா? கடைசில நீ என்னயக் கூட்டிப் போற" என்று சொல்லி ஒரு பெரிய துண்டு அல்வாவை என் வாயில் திணித்தார்.

அல்வா வாயில் இருக்கும்போது ஒரு மனுஷி எப்படி உண்மையைச் சொல்வது? முழுங்கி முடிப்பதற்குள் அவர் அக்காவுக்குப் போன் போட்டுவிட்டார்.

அக்டோபர் 23, வியாழன்

ஒரு வழி தெரிந்தது. அவருக்குப் பாஸ்போர்ட்டே இல்லை! அதை அவராகவே உணர்ந்துகொள்ளட்டும் என்று, காபி கொடுக்கும்போது, "பாஸ்போர்ட் எல்லாம் வேணுமே" என்று பொதுவாகச் சொன்னேன்.

"அதான் இருக்கே" என்றார். "எடுக்கும்போது மதுரைக்கு நானும்தானே வந்தேன்? என் ஆதார் ஜெராக்ஸ் குடுத்தோம், கல்யாண சர்டிபிகேட் குடுத்தோம். கடைசிப் பக்கத்துல எம்பேரு போட்டிருக்கு பாரு."

போட்டிருக்கிறது. கணவர் பெயர் என்று போட்டிருக்கிறது. ரேஷன் கார்டு போல வீட்டுக்கு ஒன்று என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். குடும்பத் தலைவர் பெயர் இருந்தால் சீனி, பருப்பு, லாவோஸ் எல்லாம் கிடைக்கும்.

நாளைக்குக் கண்டிப்பாகச் சொல்லிவிடுவேன்.

அக்டோபர் 24, வெள்ளி

சொல்லவில்லை. தலைவலி.

நவம்பர் 2, ஞாயிறு

முதுகுப் பையோடு நடந்து பழக வேண்டும் என்று அவருக்கு யாரோ வீடியோ காட்டியிருக்கிறார்கள். நிவேதாவின் பழைய பள்ளிப் பையில் செம்புக் கம்பிச் சுருள்களை அடைத்துக்கொண்டு காலையில் மைதானத்தைச் சுற்றி நடக்கிறார். இன்று போலீஸ்காரர் ஒருவர் நிறுத்தி, கம்பி எங்கே திருடியது என்று விசாரித்தாராம். "லாவோஸ் போறேன் சார்" என்று இவர் சொல்லியிருக்கிறார். போலீஸ்காரர் இன்னும் கூடுதலாகச் சந்தேகப்பட்டிருக்கிறார்.

நவம்பர் 8, சனி

அவருடைய அக்கா ராஜாத்தி மதினி விருதுநகரிலிருந்து வந்தார். மளிகைக் கடை வைத்திருப்பவர். "எந்த ஊருன்னு சொன்னான், லாஸா? போறதுக்கு முன்னாலயே லாஸா? ஏம்மா தமயந்தி, லாபம்னு ஒரு ஊரு இல்லையா?" என்றார். உலகப் படத்தை விரித்து விளக்கினேன். "சுத்தி நாலு பக்கமும் ஆளு இருக்கே, ஒங்களுக்கு இந்த எடம்தானா கெடச்சது?" என்று கேட்டுவிட்டு, தம்பிக்காக ஒரு மஃப்ளரும் குரங்குக் குல்லாவும் கொடுத்துவிட்டுப் போனார்.

வீட்டுக்காரர் குல்லாவைப் போட்டுக்கொண்டு சாப்பிட்டார். போட்டுக்கொண்டே தூங்கினார். குறட்டை குல்லாவுக்குள் எதிரொலித்தது.

நவம்பர் 15, சனி

இன்று நிவேதாவுக்குப் போன் செய்து, "நீ அப்பாகிட்டச் சொல்லேன்" என்றேன். மாட்டேன் என்றாள். அப்புறம், "ஏம்மா, அப்பாவுக்கும் தட்கல்ல பாஸ்போர்ட் எடுத்துரலாமே. சீக்கிரம் வந்துரும். சீட்டும் இருக்கு, பாத்துட்டேன். ரெண்டு பேருமே போயிட்டு வாங்களேன்" என்றாள்.

எனக்கு இது முதலிலேயே தெரியும். நானும் பார்த்து வைத்திருந்தேன். ஆகவே அவருக்குப் பாஸ்போர்ட் இல்லை என்பது காரணமே இல்லை. எனக்கு அவரைக் கூட்டிப்போகப் பிடிக்கவில்லை. இந்த வரியை எழுதக் கை வரவில்லை, ஆனாலும் எழுதிவிட்டேன்.

நிவேதா இன்னொன்றும் சொன்னாள். "ஒனக்குத் தனியாப் போகப் பயம்மா. அப்பா ஒட்டிக்கிட்டா நல்லதுதான்னு உள்ளுக்குள்ள நெனச்சுத்தான் வாயத் தொறக்காம இருக்கே." படித்த திமிர். எனக்கு என்ன பயம்? விமான நிலையத்தில் எந்தக் கதவு, எந்த வரிசை என்பதை எல்லாம் வீடியோ பார்த்துக் குறித்து வைத்திருக்கிறேன். மறுபடியும் மறுபடியும் பார்த்திருக்கிறேன்.

நவம்பர் 23, ஞாயிறு

லாவோஸில் வணக்கத்துக்கு "சபாய்தீ". அவர் அதை "சப்பாத்தி" என்று மனப்பாடம் செய்துவிட்டார். கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் கையெடுத்துக் கும்பிட்டு "சப்பாத்தி" என்கிறார். மோட்டார் எடுக்க வந்த விவசாயி ஒருவர், "இல்லண்ணே, காலையிலயே கஞ்சி குடிச்சிட்டேன்" என்றாராம்.

கடைப் பலகையில் சாக்பீஸால் எழுதியிருக்கிறார்: "டிசம்பர் 24 முதல் கடை விடுமுறை. உரிமையாளர் வெளிநாட்டில்." இப்போதே பாதிப் பேர் அவர் வெளிநாட்டில் இருக்கிறார் என்று நினைத்துத் திரும்பிப் போகிறார்கள்.

நவம்பர் 30, ஞாயிறு

சொல்ல வாயெடுத்தேன். கரெண்ட் போய்விட்டது.

டிசம்பர் 13, சனி

அட ராமா! பேனர் வைத்துவிட்டார்கள்.

கடைக்கு எதிரே, மின்கம்பத்தை ஒட்டி, ஆள் உயரத்துக்கு மேல். அவருடைய சிநேகிதர்கள் சேர்ந்து செய்தது. "லாஸ் பயணம் மேற்கொள்ளும் காயில் கடை பாலகுருசாமி – தமயந்தி டீச்சர் தம்பதியரை வாழ்த்தி வழியனுப்புகிறோம்." எழுத்துப் பிழையோடு வாழ்த்து. பின்னணியில் ஈபிள் கோபுரம். லாவோஸ் படம் பிரஸ்ஸில் இல்லையாம். முன்னால் நாங்கள் இரண்டு பேர். யாரோ வீட்டுக் கல்யாணத்தில் எடுத்தது. அவர் என் தோளில் கை போட்டுக்கொண்டு பல் எல்லாம் தெரியச் சிரிக்கிறார். நான் சாப்பாட்டுப் பந்தி பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அவர் பேனருக்குக் கீழே நின்று போகிறவர் வருகிறவர்களுக்கு எல்லாம் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். புதுச் சட்டை. நான் பஸ் ஸ்டாண்ட் பக்கமாகச் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். இந்த மனுஷரை ஊருக்கு நடுவில் நிறுத்தி அவமானப்படுத்தப் போகிறேன். இல்லையென்றால் எனக்கென்று கிடைத்த அந்தப் பத்தே பத்து நாளை விட்டுக்கொடுக்கப் போகிறேன். இரண்டில் ஒன்று.

டிசம்பர் 14, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

சாப்பிட்டு முடித்துவிட்டுக் கூடத்தில் கொக்கித் தராசை வைத்துப் பைகளை எடை போட்டுக்கொண்டிருந்தார். சாத்தூர் சேவு லாவோஸ்காரர்களுக்குக் கொடுப்பதற்காம். "ஒன் துணியில ரெண்டு சேலயக் கொறச்சா இன்னும் ஒரு பாக்கெட் வைக்கலாம் டீச்சர்" என்றார்.

"ஏங்க, உங்களுக்குப் பாஸ்போர்ட் கிடையாது" என்றேன்.

"அதான் ஒங்கிட்ட இருக்கே."

"அது எனக்கு மட்டும். ரேஷன் கார்டு மாதிரி இல்ல. ஆளுக்கு ஒண்ணு."

சேவுப் பொட்டலத்தைக் கீழே வைத்தார். "அப்ப டிக்கெட்ல எம்பேரு?"

"அதுவும் எம்பேருதான். கோட்டுக்கு ரெண்டு பக்கமும் நாந்தான்."

கொஞ்சம் யோசித்தார். பிறகு சிரித்துவிட்டார். "இதச் சொல்றதுக்கா இந்த முழி முழிக்கே? நாளைக்கே மதுரைக்குப் போயி எடுத்துருவோம். தட்கல்னு ஒண்ணு இருக்காம்ல, முத்துராமன் சொன்னான்."

அவ்வளவுதான். நான் ஒளிந்துகொண்டிருந்த சுவரை அவர் ஒரு நிமிஷத்தில் தள்ளிவிட்டார்.

"வேண்டாங்க. நான் தனியாப் போகணும்."

தராசு அவர் கையில் ஆடிக்கொண்டே இருந்தது.

"எம்மேல கோவமா?"

"இல்ல."

"கொறட்டையா?"

"அதுவும் கொஞ்சம். ஆனா அது இல்ல."

"அப்ப என்னதான்?"

"ஒரே ஒரு தடவ, எங்க நிக்கணும், எப்பச் சாப்பிடணும், எந்தப் பக்கம் திரும்பணும்னு நானே பாத்துக்கிறணும். வழி தப்புனாலும் நாந்தான் தப்பணும். நீங்க கூட வந்தா, யார்ட்டயாவது வழி கேட்டுருவீக."

"கேட்டாத்தானே தெரியும்?"

"அதுதாங்க."

அவர் தராசை மூலையில் வைத்தார். புரிந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. "சரி" என்றார். சட்டையை மாட்டிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை அன்றைக்குக் கடையைத் திறக்கப் போய்விட்டார். நான் அடுப்படியில் நின்று அழுதேன். அவருக்காக அழுதேனா எனக்காக அழுதேனா என்று இப்போது எழுதச் சொன்னால் எழுத வராது.

டிசம்பர் 15, திங்கள்

"சாப்பாடு வைக்கவா?" "ம்." "மோர்?" "ம்."

டிசம்பர் 17, புதன்

பள்ளி விட்டு வரும்போது பேனரைப் பார்த்தேன். அவர் ஏணி போட்டு ஏறி, பிளேடால் தன்னை மட்டும் வெட்டி எடுத்திருக்கிறார். பேனரில் ஆள் வடிவத்தில் ஓர் ஓட்டை. ஓட்டை வழியாக மின்கம்பமும், அதில் உட்கார்ந்திருந்த காக்காயும் தெரிந்தன. "தம்பதியரை" என்ற சொல்லின் மேல் வெள்ளைத் தாள் ஒட்டியிருந்தது. ஓட்டைக்குப் பக்கத்தில் நான் பந்தியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். என் தோளில் மட்டும் ஒரு கை, மணிக்கட்டு வரைக்கும்.

அவர் கடை வாசலில் ஸ்டூல் போட்டுக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தார்.

"பேனரையே எடுத்திருக்கலாமே" என்றேன்.

"எதுக்கு? நீ போறேல்ல. அது நெசந்தானே."

"அந்தக் கை?"

"கையையும் வெட்டுனா ஒன் தோளு போயிரும் டீச்சர். அதான் விட்டுட்டேன்."

முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கண்ணீர் பொலபொலவென்று வந்தது, நடுத்தெருவில். அந்த நேரம் பார்த்து முத்துராமன் வந்து, "என்னண்ணே, நீங்க போகலையா?" என்று கேட்டான். "எனக்கு லீவு கெடைக்கல" என்றார் அவர். சொந்தக் கடைக்காரர்.

டிசம்பர் 24, புதன்

திருச்சி விமான நிலையம். உட்கார்ந்து எழுதுகிறேன்.

காலையில் கிளம்பும்போது வாசலில் நின்று, "பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நானும் வா…" என்று ஆரம்பித்தார். பாதியில் வாயை மூடிக்கொண்டார். அப்படியே படியில் நின்றார். நான் பாண்டாவை முதுகில் மாட்டிக்கொண்டு தெருக்கோடி வரைக்கும் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். திரும்பினால் போகமாட்டேன் என்பதால் அல்ல. பை கனம்.

திருச்சியில் இறங்கியதும் எதிரே, டீக்கடைப் பக்கம், ஆட்டோ ஸ்டாண்ட் எல்லாம் ஒரு தடவை பார்த்தேன். பைக் எதுவும் இல்லை. நல்லது.

பையைத் திறந்தால் மூன்று சேவுப் பாக்கெட்டுகள். இரண்டு சேலைகளைக் காணவில்லை.

டிசம்பர் 25, வியாழன், வியன்டியன்

வந்துவிட்டேன்! கோலாலம்பூரில் தப்பான வரிசையில் நின்றேன், சரியான வரிசைக்கு நானே மாறினேன். ஒருவரும் எனக்காக வழி கேட்கவில்லை. அந்தச் சந்தோஷத்தில் நடைபாதையில் நின்று சத்தமாகச் சிரித்துவிட்டேன்.

சாயங்காலம் மீகாங் பார்த்தேன். படத்தில் நான் வரைகிற வளைவு தப்பு. நேரில் அது அவசரமே இல்லாமல், அகலமாக, கலங்கிய டீ நிறத்தில் போகிறது. கரையில் உட்கார்ந்து ஒன்றுமே செய்யவில்லை. "என்ன யோசிக்கே?" என்று கேட்க ஆள் இல்லை. எவ்வளவு நல்லாயிருந்தது என்று சொல்லி முடியாது.

டிசம்பர் 26, வெள்ளி

பாஸ்போர்ட்டைப் பார்த்துப் பார்த்து, இங்கே எல்லாருக்கும் நான்தான் பாலகுருசாமி. விடுதிப் பெண் என்னை "பாலா, பாலா" என்று கூப்பிடுகிறாள். திருத்தவில்லை.

டிசம்பர் 27, சனி, லுவாங் பிரபாங்

ரயிலில் வந்தேன். எட்டுக் கட்டில் அறை. எனக்கு மேல் கட்டிலில் ஒரு பருத்த ஆஸ்திரேலியக் கிழவர். குறட்டை என்றால் குறட்டை, கட்டிலே நடுங்கியது. மற்ற ஆறு பேரும் காலையில் சிவந்த கண்ணோடு விடுதிப் பெண்ணிடம் புகார் சொன்னார்கள். நான் படுத்ததும் அயர்ந்து தூங்கிவிட்டேன், வந்ததிலிருந்து இப்படித் தூங்கவில்லை. பயணக் களைப்பு.

சேவை அறையில் எல்லாருக்கும் கொடுத்தேன். ஒரு ஜெர்மன் பெண் அழுதாள். காரம்.

டிசம்பர் 28, ஞாயிறு

வழி தப்பிவிட்டேன். மத்தியானம் முழுக்க. கோயில் கோயிலாகச் சுற்றி, யாரோ துணி காயப்போட்டிருந்த கொல்லைக்குள் நுழைந்து, ஒரு நாயிடம் திட்டு வாங்கி, ஆற்றங்கரையில் வந்து விழுந்தேன். கரையோர வீட்டு அம்மாள் ஒருத்தி ஒட்டுகிற சோற்றை மூங்கில் கூடையோடு கொடுத்தாள். கையால் உருட்டிச் சாப்பிட்டோம். "சபாய்தீ" என்று சரியாகச் சொன்னேன்.

அவரிடமிருந்து இரண்டு நாளாகப் போன் இல்லை. கடையில் வேலை இருக்கும்.

டிசம்பர் 30, செவ்வாய்

இங்கே காலை எட்டு மணி, ஊரில் ஆறரை. ரொட்டியும் காபியும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறபோது அவர் போன் செய்தார். பின்னால் ஒரே இரைச்சல்.

"என்ன சத்தம்? கடையில மோட்டார் ஓடுதா?" என்றேன்.

"கடலு" என்றார். "கன்னியாகுமரி வந்திருக்கேன் டீச்சர்."

"எப்ப? யார் கூட?"

"நேத்து ரயிலேறினேன். சும்மா."

"சும்மான்னா? யார் கூட?"

"யாரும் இல்ல. தனியா."

கல்யாணம் ஆன நாளிலிருந்து கன்னியாகுமரியில் சூரிய உதயம் பார்க்க வேண்டும் என்று இந்த மனுஷரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் கடை, கடை, கடை. அதிகாலையில் எழுந்திருக்க முடியாது, மோட்டார் அவசரம், அடுத்த மாசம் பார்க்கலாம். இப்போது நான் இல்லாத நேரம் பார்த்து ரயிலேறிப் போயிருக்கிறார். எனக்கு வந்த கோபத்தில் ரொட்டியைத் தட்டில் போட்டேன்.

"நான் இல்லாம, தனியா ஒரு ஆளு அங்க போயி என்ன பண்றது?" என்று கத்தினேன். பக்கத்து மேஜையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்தப் பக்கம் கடல் மட்டும் கேட்டது. நான் என்ன சொன்னேன் என்பது எனக்கே அப்போதுதான் காதில் விழுந்தது.

"ஒண்ணும் பண்ணல டீச்சர்" என்றார் மெதுவாக. "ரயிலடில எறங்கித் தப்பான பக்கம் நடந்துட்டேன். யார்ட்டயும் வழி கேக்கல. கேக்கலாம்னு வாய் வந்துச்சு, கேக்கல. அப்புறம் நானே கண்டுபிடிச்சிட்டேன். ஒரு டீயக் குடிச்சிட்டுப் பாறையில ஒக்காந்திருக்கேன்." பிறகு சொன்னார்: "நல்லாத்தான் இருக்கு, என்ன?"

சிரிப்பு வந்தது, அதோடு கண்ணும் நிறைந்தது. நல்லாத்தான் இருக்கும், எனக்குத் தெரியாதா? நிறையக் கேட்க வேண்டும் போல இருந்தது. எங்கே தங்கினீர்கள், குல்லா கொண்டு போனீர்களா, எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், டீ எப்படி இருந்தது.

"ஏங்க…" என்றேன்.

"இந்தா, மேகம் வெலகிருச்சு. வை டீச்சர். பேசிக்கிட்டே இருந்தா சூரியனப் பாக்க முடியாது."

போனை வைத்துவிட்டார். இத்தனை வருஷத்தில் அவர் முதலில் வைத்தது இதுதான் முதல் தடவை.